ஆம், இல்லை, ரத்து



கணினியிலோ கைப்பேசியிலோ ஒரு வேலையை முடிக்கும் தறுவாயில், திரையின் நடுவே சிறு பெட்டி ஒன்று தோன்றி, "உறுதியாகத்தானா?" என்று நம்மைக் கேட்பதை நீங்கள் அறிவீர்கள். கேள்வியின் கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் வேலை நடைபெறும். மற்றொன்றை அழுத்தினால் நடைபெறாது. இதனை உறுதி கேட்கும் பெட்டி என்று இவ்வுரையில் வழங்குவோம். தவறிப்போய் விரல் பட்டதால் கோப்பு அழிந்துவிடாமலும், பணம் போய்விடாமலும் நம்மைக் காப்பதற்கென்றே இப்பெட்டி தோன்றியது. ஆயினும் காக்க வந்த கேள்வியே பல வேளைகளில் நம்மைக் குழப்பிவிடுகிறது. அதன் காரணம் யாது, அதனைச் செம்மை செய்யும் வழி யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நான் அந்தமானில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். என் வீட்டுக்கு அண்மையில் வாழும் பெரியவர் ஒருவர், சென்னை செல்லும் கப்பலில் தமக்கும் தம் மனைவியாருக்கும் இடம் பதிவு செய்திருந்தார். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. பயணச்சீட்டு விற்கும் இணையத்தளத்தைத் தம் கைப்பேசியில் திறந்து, தமிழ் மொழியைத் தேர்ந்து, சீட்டை ரத்து செய்ய முற்பட்டார். பெட்டி தோன்றியது. "இந்தப் பயணச்சீட்டை ரத்து செய்ய உறுதியா?" என்பது கேள்வி. கீழே இருந்த இரண்டு பொத்தான்களில் ஒன்றில் "சரி" என்றும், மற்றொன்றில் "ரத்து" என்றும் எழுதியிருந்தது.

பெரியவர் என்ன செய்வார்? அவர் செய்ய விரும்பியது ரத்து. ஆகவே "ரத்து" என்பதையே அழுத்தினார். பெட்டி மறைந்தது. வேலை முடிந்தது என்று அவரும் நிம்மதியாக இருந்துவிட்டார். கப்பல் புறப்பட்ட பின்னர், பணம் திரும்பி வராததைக் கண்டு என்னிடம் வந்தார். பார்த்தபோது, சீட்டு ரத்தாகவே இல்லை. அந்த "ரத்து" என்னும் பொத்தான், ரத்து செய்யும் வேலையை ரத்து செய்துவிட்டது!

"தம்பி, ரத்து என்று எழுதியிருந்தது, ரத்து என்றே அழுத்தினேன். என் பிழை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்டார். "உங்கள் பிழை ஒன்றும் இல்லை, ஐயா" என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை. சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கடல்வழி ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பலில் சுமார் மூன்று நாள் பயணம். மாதத்திற்குச் சில கப்பல்களே உண்டு. பெரியவருடைய பணம் போயிற்று என்பது மட்டும் அன்று. இரண்டு படுக்கைகள் வெறுமையாகச் சென்றன. அதே வாரத்தில் இடம் கிடைக்காமல் திரும்பியவர்களும் இருந்தார்கள்.

இப்பிழை எவ்வாறு பிறந்தது என்பதை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என்னால் ஊகிக்க முடிகிறது. மென்பொருளைத் தமிழாக்குவோரின் கைக்குப் பெரும்பாலும் திரை வருவதில்லை. சொற்களின் பட்டியல் ஒன்றே வருகிறது. "கேன்சல்" என்னும் ஆங்கிலச் சொல் பட்டியலில் ஓரிடத்தில் தனியே நிற்கிறது. அகராதி அதற்கு "ரத்து" என்று பொருள் சொல்கிறது. ஆனால் உறுதி கேட்கும் பெட்டியில் அச்சொல்லுக்கு "இவ்வேலை வேண்டாம், பழைய இடத்திற்கே திரும்புகிறேன்" என்பதே கருத்து. ஒரே சொல் ஓரிடத்தில் சீட்டை நீக்குவதையும், மற்றோரிடத்தில் நீக்கும் எண்ணத்தைக் கைவிடுவதையும் குறிக்கிறது. ஆங்கிலம் அறிந்தவர்களுக்கே இது இடறும் இடந்தான். தமிழில் பெயர்க்கும்போது இடறல் இருமடங்காகிறது.

ஒரு சொல் இரு பொருள் தந்து ஆபத்தை விளைவித்த வரலாறு கடற்பயணத்திற்குப் புதிது அன்று. பழைய நாளில் சுக்கானைத் திருப்பக் கப்பல் அதிகாரி தரும் ஆணை, சுக்கானின் பிடியைக் குறித்ததேயன்றிக் கப்பலைக் குறித்தது அன்று. பிடியை வலப்புறம் தள்ளினால் கப்பல் இடப்புறம் திரும்பும். ஆதலால் "வலம்" என்று ஆணை பிறந்தால் கப்பல் இடம் திரும்புவதே பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. வேறு சில நாடுகளில் அதே சொல் நேர்ப்பொருளில் வழங்கிற்று. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கென 1929ஆம் ஆண்டில் உருவான சர்வதேச ஒப்பந்தமே, ஆணை எத்திசையைச் சொல்கிறதோ அத்திசையிலேயே கப்பலும் திரும்ப வேண்டும் என்று வரையறுத்தது. சொல்லுக்கு ஒரே பொருள் என்னும் அந்த ஒழுங்கு, திரையில் தோன்றும் பெட்டிக்கும் வேண்டியதே.

கப்பல் வழக்கத்தில் நாம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அதிகாரி ஆணையிட்டால், சுக்கான் பிடிப்பவர் "சரி" என்று மட்டும் சொல்லி நிற்பதில்லை. "வலம் பத்து" என்று கேட்டால் "வலம் பத்து" என்றே திருப்பிச் சொல்கிறார். பின்னர் அதைச் செய்கிறார். பழைய நீராவிக் கப்பல்களில் மேல்தளத்திலிருந்து இயந்திர அறைக்கு ஆணை அனுப்ப முள் பொருந்திய வட்டக் கருவி ஒன்று இருந்தது. மேலிருப்பவர் "மெதுவாக முன்னே" என்னும் இடத்திற்கு முள்ளைத் திருப்புவார். கீழிருப்பவரும் தம் முள்ளை அதே இடத்திற்குத் திருப்பி விடையளிப்பார். இரண்டு முள்களும் ஒன்றினால்தான் ஆணை சரியாகச் சென்றது என்று பொருள். உறுதி செய்தல் என்பது தலையசைத்தல் அன்று. சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல்.

தமிழின் இயல்பும் இதுவே. "கப்பல் வந்ததா?" என்று கேட்டால், "வந்தது" என்றோ "வரவில்லை" என்றோ விடை சொல்கிறோம். வெறும் "ஆம்", "இல்லை" என்று சொல்வதைவிட, வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்வதே நம் பேச்சில் மிகுதி. அதிலும் எதிர்மறைக் கேள்வி வந்தால் "ஆம்" என்பது பெருங்குழப்பம் தரும். "மாற்றங்களைச் சேமிக்க வேண்டாமா?" என்று பெட்டி கேட்கிறது என்று கொள்வோம். "ஆம்" என்றால் சேமிக்க வேண்டும் என்று பொருளா, வேண்டாம் என்று பொருளா? இருவர் இருவிதமாகக் கொள்வர். மாறாகப் பொத்தான்களில் "சேமி" என்றும் "சேமிக்காமல் மூடு" என்றும் இருப்பின், கேள்வியைப் படிக்காதவர்களும் தவறு செய்ய மாட்டார்கள்.

இலக்கணம் கற்றவர்கள் இங்கே நன்னூலை நினைவு கூர்வார்கள். பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்தார். அவ்வெட்டில் நேர்தலும் மறுத்தலும் இரண்டே. அவற்றோடு "உறுவது கூறல்" என்றும் ஒரு வகை உண்டு. "ஆடுவாயா?" என்ற கேள்விக்குக் "கால் வலிக்கும்" என்று, இனி நேரப்போவதைச் சொல்லும் விடை அது. உறுதி கேட்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை நேர்தலுக்கும் மறுத்தலுக்கும் இடம் வைக்கின்றனவே தவிர, உறுவதைக் கூறுவதில்லை. நமக்குத் தெரிய வேண்டியதோ அதுதான். இதனை அழுத்தினால் என்ன நேரும்? எவ்வளவு பணம் திரும்பும்? போனது மீண்டும் கிடைக்குமா?

உறுவதைக் கூறாத கேள்வி எத்துணைப் பெரிய தீங்கைத் தரும் என்பதற்கு, உலகறிந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் காட்டுவேன்.

முதலாவது, நம்மைப் போலத் தீவுகளில் வாழும் மக்களுக்கு நேர்ந்தது. 2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் காலை 8 மணி 7 நிமிடத்திற்கு, அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்து மக்களின் கைப்பேசிகளில், ஏவுகணை வருகிறது, உடனே அடைக்கலம் தேடுங்கள் என்னும் எச்சரிக்கை வந்தது. ஏவுகணை ஏதும் வரவில்லை. அது ஓர் ஒத்திகை. ஒத்திகையை உண்மை என்று நம்பிய அலுவலர் ஒருவர் உண்மையான எச்சரிக்கையையே அனுப்பிவிட்டார். மறுப்புச் செய்தி கைப்பேசிகளுக்கு வர 38 நிமிடங்கள் ஆயின. அவர் அனுப்பும் முன் மென்பொருள் கேள்வி கேட்காமல் இல்லை. "இந்த எச்சரிக்கையை அனுப்ப உறுதியா?" என்று கேட்டது, அவரும் "ஆம்" என்றார். ஒத்திகைச் செய்தியை அனுப்பும்போதும் அந்த மென்பொருள் இதே சொற்களால்தான் கேட்கும் என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. ஒத்திகைக்கும் உண்மைக்கும் ஒரே கேள்வி!

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையைக் கண்ட நமக்கு, எச்சரிக்கை என்னும் சொல்லின் மதிப்பு தெரியும். பொய்யாக ஒருமுறை ஒலித்த எச்சரிக்கையை மறுமுறை மக்கள் நம்பத் தயங்குவார்கள். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு கைப்பேசிகளுக்கு அவசரச் செய்தி அனுப்பும் முறையைச் சோதித்தபோது, இது சோதனைச் செய்தி, நீங்கள் ஏதும் செய்ய வேண்டியதில்லை என்று செய்தியே தெளிவாகச் சொல்லிற்று. அத்தெளிவு, பெறுபவருக்கு மட்டுமன்றி அனுப்புபவரின் திரையிலும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி பணத்தைப் பற்றியது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் சிட்டி வங்கி, ஒரு நிறுவனத்தின் கடனுக்காக ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டியைக் கடன் கொடுத்தோருக்கு அனுப்ப எண்ணிற்று. ஆனால் அசலையும் சேர்த்து ஏறத்தாழ 90 கோடி டாலர் சென்றுவிட்டது. அனுப்பும் முன் மூவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அவ்வங்கியின் விதி, மூவரும் பார்த்தனர். மென்பொருளும் எச்சரித்தது. எவ்வாறு? பணம் வங்கியிலிருந்து வெளியே செல்லும், தொடரலாமா என்ற அளவில். எவ்வளவு பணம் என்பதை அது சொல்லவில்லை. வட்டிப் பணமும் வெளியே செல்ல வேண்டியதுதானே என்று எண்ணியவர்களுக்கு, அந்த எச்சரிக்கையில் ஐயுற ஏதுமில்லை. பணத்தின் பெரும்பகுதியை மீட்க வங்கி நீதிமன்றம் ஏறியது. 2021இல் தீர்ப்பு எதிராக வந்து, 2022இல் மேல்முறையீட்டில்தான் சாதகமாயிற்று.

இவ்விரண்டையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விரல் தவறுவது வேறு. எண்ணம் தவறுவது வேறு. "உறுதியா?" என்னும் கேள்வி, விரல் தவறியவரை ஒருவேளை தடுக்கும். தவறான ஒன்றைச் சரி என்று நம்பியிருப்பவரை அது தடுக்காது. அவர் உறுதியாகத்தானே இருக்கிறார்! அவருக்கு வேண்டியது கேள்வி அன்று, செய்தி. "இது ஒத்திகை அன்று, மாநிலத்தின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் செல்லும்." "செல்லும் தொகை 90 கோடி டாலர்." இத்தகைய செய்தியே தவறான எண்ணத்தை உலுக்கி எழுப்பும் ஆற்றல் உடையது. அதுவும் போதாத இடங்களில் மற்றொருவரின் கண்ணும் வேண்டும். ஹவாயிலும் இந்நிகழ்ச்சிக்குப் பின் இருவர் ஒப்பினாலன்றி எச்சரிக்கை செல்லாது என்று விதி செய்தார்கள். ஆனால் அந்த இரண்டாமவரின் திரையிலும் செய்தி தெளிவாக இராவிடில், அவர் ஒப்பினால் பயன் இல்லை என்பதற்குச் சிட்டி வங்கியின் மூவரே சான்று.

அடுத்து, அளவுக்கு மிஞ்சிக் கேட்பதால் வரும் கேட்டைப் பார்ப்போம். அலுவலகத்தில் எல்லாக் கோப்புகளின் மீதும் "மிக அவசரம்" என்று சிவப்புச் சீட்டை ஒட்டினால், சில நாளில் ஒருவரும் அச்சீட்டைப் பார்க்கமாட்டார்கள். அதுபோலவே, கோப்பைத் திறக்க ஒருமுறை, மூட ஒருமுறை, பெயர் மாற்ற ஒருமுறை என்று மென்பொருள் கேட்டுக்கொண்டே இருந்தால், விரல் தானாகவே "சரி" என்பதை அழுத்தப் பழகிவிடும். உண்மையில் ஆபத்தான கேள்வி வரும் நாளில், கண் படிக்கும் முன்பே விரல் விடை சொல்லியிருக்கும்.

நம் தீவுகளில் இப்பழக்கத்திற்கு மற்றொரு காரணமும் இருந்தது. சென்னையிலிருந்து கடலடியே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட ஒளியிழைக் கம்பி 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் திறந்து வைக்கப்படும் வரை, இங்கே இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு நெடுநேரம் காத்திருப்போம். ஒன்றும் நிகழாததுபோலத் தோன்றும், மீண்டும் அழுத்துவோம். அதற்குள் முதல் அழுத்தத்தின் விளைவாக உறுதி கேட்கும் பெட்டி வந்து நிற்க, இரண்டாவது அழுத்தம் அதன்மேல் விழும். கேள்வியைக் காணாமலே விடை சொல்லிவிடுவோம். இணைப்பு தளரும் நாள்களில் இன்றும் இது நேரக்கூடும். ஒரு பொத்தானை அழுத்தியவுடன் "உங்கள் ஆணை கிடைத்தது, சற்றுப் பொறுங்கள்" என்று காட்டுவதும், பெட்டியின் பொத்தானை முந்தைய பொத்தான் இருந்த அதே இடத்தில் வைக்காமையும் இதற்கு எளிய மருந்துகள்.

சில இடங்களில் கேள்வியைத் திருத்துவதைவிட அக்கேள்வி எழவே இடமின்றிச் செய்வது மேலாகும். கைப்பேசி வழிப் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறையில், ஒருவரிடம் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி இருந்தது. "உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், ஒப்புதல் கொடுங்கள்" என்று தொலைபேசியில் இனிமையாகப் பேசுவார்கள் வஞ்சகர்கள். எளியவர்கள் பணம் வரப்போகிறது என்று நம்பித் தம் இரகசிய எண்ணைப் பதிப்பார்கள். பணம் வராது, போய்விடும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதே இல்லை என்று எத்துணை முறை அறிவித்தும் வஞ்சனை ஓயவில்லை. முடிவில் 2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, தனி மனிதர் ஒருவர் மற்றொருவருக்கு அவ்வேண்டுகோளை அனுப்பும் வசதியே நிறுத்தப்பட்டது.

மற்றொரு சிறந்த வழி, செய்ததை மீட்க இடம் தருதல். ஜிமெயில் அஞ்சலில், அனுப்பிய மடலைச் சில விநாடிகளுக்குள் திரும்ப அழைத்துக்கொள்ளும் வசதி 2009இல் சோதனையாக வந்து, 2015இல் எல்லாருக்கும் நிலையாயிற்று. மடலை அனுப்பும் முன் "உறுதியா?" என்று அது கேட்பதில்லை. அனுப்பிவிட்டு, "வேண்டாமெனில் இப்போதே சொல்லுங்கள்" என்கிறது. நம் பிழை நமக்குப் புலப்படுவது பெரும்பாலும் செய்த மறுகணத்தில்தான் என்பதை எண்ணினால், இதன் அருமை விளங்கும். நீக்கிய கோப்பைச் சில நாள் குப்பைக்கூடையில் வைத்திருந்து பின் அழிப்பதும் இவ்வகையே.

மீட்கவே இயலாத செயல்களுக்கு மட்டும் கேள்வியை நிறுத்திக்கொள்ள வேண்டும். அக்கேள்வியும் எவ்வாறு இருக்கலாம் என்பதைப் பெரியவரின் சீட்டைக் கொண்டே காட்டுகிறேன். "சென்னை செல்லும் கப்பல், பயணிகள் இருவர். இச்சீட்டை ரத்து செய்தால், பிடித்தம் போக இவ்வளவு ரூபாய் திரும்பக் கிடைக்கும். இதே இடம் மீண்டும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை." இவ்வளவும் பெட்டியில் இருக்கட்டும். பொத்தான்களில் ஒன்றில் "சீட்டை ரத்து செய்" என்றும், மற்றொன்றில் "சீட்டை வைத்துக்கொள்" என்றும் எழுதட்டும். எந்தப் பொத்தான் இடப்புறம், எது வலப்புறம் என்ற வழக்கத்தை நம்பியிருப்பதற்கில்லை. விண்டோஸ் கணினியில் ஒரு வரிசை, ஆப்பிள் கணினியில் அதற்கு எதிரான வரிசை. நிறத்தையும் முற்றிலும் நம்புவதற்கில்லை. சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தோன்றாத கண்கள் உண்டு. எழுதியிருக்கும் சொல்லே பொத்தானின் பொருளை முழுமையாகத் தாங்க வேண்டும்.

தமிழில் இவ்வாறு எழுதினால் பொத்தானில் இடம் போதாது என்று மென்பொருள் அமைப்போர் சொல்வதுண்டு. ஆங்கிலத்தின் குறுஞ்சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை தமிழுக்குப் பொருந்தாதுதான். அதற்காகச் சொல்லை வெட்டுவதா, சட்டையைச் சற்றுப் பெரிதாகத் தைப்பதா? 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்வோரில் நூற்றுக்குப் பதினைவர் அளவில் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். வங்காளம், இந்தி, தெலுங்கு, நிக்கோபாரி முதலிய மொழிகளைப் பேசுவோருடன் ஒரே கப்பலில் பயணம் செய்கிறோம். சீட்டு வாங்கும் திரையும் அவரவர் மொழியில் அவரவருக்கு விளங்குவதாக இருத்தல் நியாயமே.

என் தொழில் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சொற்பட்டியல் கைக்கு வந்தால், அச்சொல் எத்திரையில், எக்கேள்வியின் கீழ் வரும் என்பதைக் கேட்டு அறியாமல் பெயர்க்காதீர்கள். பெயர்த்தபின், ஆங்கிலம் அறியாத ஒருவரைத் திரையின் முன் அமர்த்தி, "இதை அழுத்தினால் என்ன ஆகும், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடை உங்கள் எண்ணத்தோடு ஒத்தால் மட்டுமே அச்சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

நேயர்கள் செய்ய வேண்டியது எளிது. பெட்டி மறைந்துவிட்டது என்பதனாலேயே வேலை முடிந்தது என்று கொள்ளாதீர்கள். சீட்டின் நிலையை மீண்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். ரத்தாயிற்று என்னும் குறுஞ்செய்தி வந்ததா என்று நோக்குங்கள். கேள்வி விளங்கவில்லை எனில் எதையும் அழுத்தாமல் அருகிலிருப்பவரைக் கேளுங்கள். அவ்வாறு கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை. விளங்காத கேள்வியை எழுதியவர்தாம் வெட்கப்பட வேண்டும்.

பெரியவரும் அம்மையாரும் அடுத்த கப்பலில் சென்னை சென்று நலமே திரும்பினார்கள். இம்முறை, சீட்டு வாங்குவதற்குக் கைப்பேசியை எடுக்காமல் விடியற்காலையிலேயே எழுந்து சீட்டு வழங்கும் அலுவலகத்திற்குப் போய் வரிசையில் நின்றார் அவர். "அங்கே இருக்கும் பெண் 'எந்தக் கப்பல், எத்தனை பேர், எந்தத் தேதி' என்று கேட்டு, நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சீட்டை அடிக்கிறாள், தம்பி" என்றார்.